சீலா மீனும் 35 லட்சம் டாலரும்!



சீலா மீன் பார்த்திருக்கிறீர்களா? காரைக்கால், தலத்தெரு பக்கத்துப் பிள்ளைகளைக் கேட்டால் உடனே சொல்வார்கள். நீண்ட உடம்பு, கூரான பற்கள், அம்பு போன்ற பாய்ச்சல்! ஆங்கிலத்தில் அதற்குப் பாரகுடா என்று பெயர். அந்தப் பெயரைத்தான் அமெரிக்காவின் பிளைமவுத் நிறுவனம் தன் காருக்கு வைத்தது. அதில் வேகமான வகையைச் சுருக்கமாக ‘குடா’ என்றார்கள்.

1960களில் அங்கே நடுத்தரக் காரில் ராட்சத இன்ஜினைப் பொருத்தி விற்பதில் பலத்த போட்டி. அவற்றுக்கு ‘மஸில் கார்’ என்று பெயர். 1971ல் வந்த ‘ஹெமி குடா’வின் இன்ஜின் ஏறத்தாழ 7 லிட்டர். நம் மாருதி 800 இன்ஜினைப் போலக் கிட்டத்தட்ட 9 மடங்கு! சக்தி 425 குதிரைத்திறன். கூரையை மடக்கிவிட்டு, காற்று வாங்கியபடி ஓட்டும் வகையும் உண்டு.

அமோகமாக விற்றிருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை! விலை அதிகம், இன்சூரன்ஸ் அதிகம், பெட்ரோல் செலவோ அதைவிட அதிகம். கூரை மடக்கும் ஹெமி குடா அந்த ஆண்டு மொத்தமே 11தான் தயாரானது. அதோடு அந்த இன்ஜினையும் நிறுத்திவிட்டார்கள்.

2014ல் அந்த 11ல் ஒன்று ஏலத்துக்கு வந்தது. போன விலை 35 லட்சம் டாலர்! அன்றைய கணக்கில் 20 கோடி ரூபாய்க்கும் மேல்.

அபூர்வம் என்பதால் மட்டுமா இந்த விலை? துருப்பிடித்துக் கிடந்தால் யார் இவ்வளவு தருவார்கள்? யாரோ சிலர் அதைத் துடைத்து, எண்ணெய் போட்டு, மழை படாமல் காப்பாற்றினார்கள். அதுதான் முக்கியம்.

நம் நாட்டிலும் 50 ஆண்டு கடந்த, உருமாற்றாத வண்டிகளுக்குத் தனிப் பதிவு எண் தரும் விதி 2021ல் வந்தது. ஆனால், அவற்றைத் தினசரி ஓட்டக்கூடாது. கோவையில் 2015ல் திறந்த ஜீடி கார் அருங்காட்சியகத்தில் பழைய கார்களை நேரில் பார்க்கலாம்.

சரி, உங்கள் வீட்டில் என்ன இருக்கிறது? தாத்தாவின் சைக்கிளா, பாட்டியின் தையல் மிஷினா, பழைய ரேடியோவா? கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று இரும்பைச் சீக்கிரம் தின்றுவிடும். எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள வீடு கொள்ளாதுதான். ஆனாலும், பழைய இரும்புக்காரரிடம் எடை போடும் முன், ‘இதை எப்போது வாங்கினீர்கள், எதற்காக வாங்கினீர்கள்?’ என்று பெரியவர்களிடம் கேளுங்கள். பதிலை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒன்றே ஒன்றையாவது துடைத்து, எண்ணெய் போட்டுப் பாதுகாருங்கள்.

கோடி ரூபாய் கிடைக்கும் என்பதற்காக அல்ல. உங்கள் பிள்ளைகள் ஒருநாள் அதைத் தொட்டுப் பார்த்து, ‘இது யாருடையது?’ என்று கேட்பார்களே, அதற்காக!