பூங்காவுக்கு எதற்கு டிக்கெட்?

மே மாதம் பிறந்தால் எங்கள் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான். பிள்ளைகளை ஒரு நாள் சென்னைக்கு அழைத்துக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வர வேண்டும். போகிறவர்கள் திரும்பி வந்து சொல்வதும் ஒன்றே: "காசு தண்ணியா செலவாயிடுச்சு." எங்கே போனீர்கள் என்று கேட்டால், ஏதோ ஒரு மால். ஏ.சி. காற்று, நகரும் படிக்கட்டு, ஆளுக்கொரு ஐஸ்கிரீம். கடற்கரை உள்ள ஊருக்குப் போய்க் கட்டடத்துக்குள் நாளைக் கழித்துவிட்டு வருகிறார்கள்.

பெற்றோரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மாலுக்குள் நுழையக் காசில்லை. பூங்காவுக்குள் நுழையக் காசு கேட்கிறார்கள். இதைத்தான் இன்று எழுத வந்தேன்.

சென்னை கதீட்ரல் சாலையில், செம்மொழிப் பூங்காவுக்கு எதிரே, கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா இருக்கிறது. 2024 அக்டோபரில் திறந்தார்கள். பரப்பு 6.09 ஏக்கர், செலவு சுமார் 46 கோடி ரூபாய். திறந்தபோது அறிவித்த நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்கு 100 ரூபாய், சிறுவர்களுக்கு 50. கம்பியில் தொங்கிக்கொண்டு போகும் ஜிப்லைனுக்குப் பெரியவர்களிடம் தனியாக 250. அப்பா, அம்மா, பாட்டி, இரண்டு பிள்ளைகள் என்று ஒரு குடும்பம் போனால் வாசலிலேயே 400 ரூபாய். உள்ளே போய்ப் பிள்ளை எதைக் காட்டிக் கேட்டாலும் அதற்கு வேறு. கூலி வேலை செய்கிற வீட்டில் இது ஒரு நாள் சம்பாத்தியத்துக்குக் கிட்டத்தட்ட வரும்.

அந்த நிலத்தின் கதையையும் பாருங்கள். தோட்டக்கலைச் சங்கம் ஒன்றின் வசம் நெடுங்காலம் இருந்ததை, இது அரசு நிலம் என்று வழக்காடி மீட்டார்கள். நல்ல காரியம், கை தட்டியவர்களில் நானும் ஒருவன். ஆனால் மக்களுக்காக மீட்ட நிலத்தின் வாசலில் அந்த மக்களையே நிறுத்தி நூறு ரூபாய் கேட்பது என்ன நியாயம்? சுந்தரர் மீது உரிமை கொண்டாடி வந்த கிழவரிடமே ஓலையைக் காட்டு என்று கேட்ட சபை எங்கள் ஊர்ச் சபை. அந்த ஊர்க்காரன் கேட்கிறேன், இந்த நூறு ரூபாய்க்கு ஓலை எங்கே?

உடனே ஒரு பதில் வரும்: "பராமரிப்புச் செலவு இருக்கிறதே!" அரசு அலுவலகத்தில் பில்களோடு காலம் தள்ளியவன் நான், எனக்குச் செலவு புரியும். வண்டலூரில் பெரியவர்களுக்கு 200 ரூபாய் வாங்குகிறார்கள். அது அதிகம்தான். ஆனாலும் புலிக்கு இறைச்சியும் யானைக்குத் தழையும் வாங்க வேண்டும் என்றால் வாதம் இருக்கிறது. புல்லுக்கும் பெஞ்சுக்கும் அந்த வாதம் செல்லாது. தெருவிளக்குக்கும் பராமரிப்பு உண்டு. வெளிச்சத்தில் நடந்து போகிறவனிடம் நாம் டிக்கெட் கேட்பதில்லை.

இரண்டாவது பதில்: "இலவசமாக விட்டால் ஜனங்கள் பாழாக்கிவிடுவார்கள்." காணும் பொங்கலன்று மெரினாவைப் பார்த்தவர்கள் இப்படிப் பேச மாட்டார்கள். லட்சக்கணக்கில் கூடுகிறார்கள். கடலில் இறங்காதபடி போலீசார் தடுப்புக் கட்டுகிறார்கள். பிள்ளைகள் தொலைந்துபோனால் கண்டுபிடிக்கக் கையில் தொலைபேசி எண் எழுதிய பட்டை கட்டிவிடுகிறார்கள். கூட்டம் கலைந்த பிறகு மாநகராட்சி ஊழியர்கள் குப்பையை வாருகிறார்கள். அத்தனை கூட்டத்தையும் காசு வாங்காமல் சமாளிக்கத் தெரிந்த அரசாங்கத்துக்கு ஆறு ஏக்கரைச் சமாளிக்கத் தெரியாதா? இந்தப் பதிலின் உள்ளே இருப்பது வேறு. இன்னார் வரக்கூடாது என்பதை வாய்விட்டுச் சொல்லாமல், டிக்கெட்டில் அச்சடித்துச் சொல்கிறார்கள்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு, பூங்கா என்றதும் 'ஜார்தேன் பியூப்ளிக்' என்ற சொல்தான் முதலில் வரும். பொதுத் தோட்டம் என்று அர்த்தம். பாரதி பூங்காவின் நடுவே நிற்கும் ஆயி மண்டபம் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் கட்டியது. அதே சக்கரவர்த்தி பாரிசில், கல் வெட்டியெடுத்துக் குப்பை கொட்டிக் கிடந்த இடத்தை, தொழிலாளர்கள் வசிக்கும் பகுதிக்குப் பெரிய பூங்காவாக மாற்றி 1867இல் திறந்தார். புத்-ஷோமோன் என்று பெயர். இன்றும் அங்கே நுழையக் காசில்லை. சக்கரவர்த்தி போட்ட தோட்டத்தில் ஏழைக்குக் கதவு திறந்திருக்கிறது, குடியரசு போட்ட தோட்டத்தில் டிக்கெட் கிழிக்கிறார்கள்.

நம் அரசாங்கத்துக்கு இது தெரியாததல்ல. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. வெளியே வரவே யோசித்த பெண்கள் அதனால் வெளியே வந்தார்கள். அப்படி இலவசமாக ஏற்றிவந்த தாயைப் பூங்கா வாசலில் இறக்கி நூறு ரூபாய் எடு என்பதில் என்ன பொருத்தம்? மெரினாவில் 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்காக மரப்பாதை திறந்தார்கள். 263 மீட்டர் நீளம், செலவு 1.14 கோடி. அடுத்த மாதமே புயலில் சேதமாகி, பிறகு சரிசெய்தார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர் அலைக்கு அருகில் போக முடிந்தது, டிக்கெட் இல்லாமல். பொதுப்பணம் என்றால் இப்படிச் செலவாக வேண்டும்.

கதவு திறக்கும் வரை பிள்ளைகளைக் காக்க வைக்க முடியாது. எனவே என்னைக் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் வழி இது. விழுப்புரத்தில் விடியற்காலை ரயிலைப் பிடித்து எழும்பூரில் இறங்குங்கள். புளிசாதமும் தயிர்சாதமும் கையில் இருக்கட்டும். மின்சார ரயிலில் ஒரு நிலையம் தள்ளிப் பூங்கா நிலையம். சாலையைக் கடந்தால் பூங்கா நகர், அங்கிருந்து பறக்கும் ரயில். கட்டணம் ஐந்து ரூபாயில் தொடங்குகிறது. மேம்பாலத்தின் மேலிருந்து கூவத்தையும் கூரைகளையும் பார்த்துக்கொண்டு போவதே பிள்ளைகளுக்கு வேடிக்கைதான். உச்சி வெயிலுக்குக் கோட்டூர்புரத்தில் இறங்கி அண்ணா நூற்றாண்டு நூலகம் போங்கள். 2010இல் திறந்தது, குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது, நுழைவுக்குக் காசில்லை. நாலு மணிக்கு மேல் அதே ரயிலில் திரும்பித் திருவல்லிக்கேணியில் இறங்கி மெரினாவுக்கு நடங்கள். தண்ணீரில் கால் நனைத்தால் போதும், இறங்க விடாதீர்கள். அந்தக் கடல் உள்ளே இழுக்கும். மிருகக்காட்சிசாலைக்கு வேறு நாள் வையுங்கள், செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம். அன்று விடுமுறை.

இந்த வழியில் குறைவது டிக்கெட் செலவு மட்டும்தான். பெண் பிள்ளைக்கு அவசரம் என்றால் சுத்தமான கழிப்பறைக்கு எங்கே ஓடுவது என்ற கவலை குறையாது. குடிக்கத் தண்ணீர், உட்கார நிழல், இவையும் அப்படித்தான். ஏழைக் குடும்பம் பட்டணத்தில் கேட்பது இந்த மூன்றைத்தான். ஜிப்லைன் யாரும் கேட்கவில்லை.

ஆகவே அரசாங்கத்துக்கு இந்த ஓய்வூதியக்காரனின் மனு: விளையாட்டுக் கருவிகளுக்குக் கட்டணம் வையுங்கள், வேண்டியவன் கொடுக்கட்டும். வாசலுக்கு வைக்காதீர்கள். பன்னிரண்டு வயது வரை எந்த அரசுப் பூங்காவிலும் நுழைவுக் கட்டணம் கிடையாது, கூட வரும் பெரியவர் இருவருக்கும் கிடையாது என்று ஒரே ஓர் அரசாணை போதும். ஒரு பக்கத்தில் அடித்து முடித்துவிடலாம்.