விருந்தாளி மரியாதையும் நமது யோக்கியதையும்

கள்ளக்குறிச்சிப் பக்கத்துத் தோழர் ஒருவர், தமது பிள்ளை மேல்படிப்புக்காக டென்மார்க் தேசத்துக்குப் போவதாகவும், அங்குள்ளவர்களிடம் மரியாதைக் குறைவில்லாமல் நடந்து கொள்ள என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்றும் நம்மைக் கேட்டிருக்கிறார். நாம் அந்தத் தேசத்தைக் கண்டவர்கள் அல்ல. படித்தும் கேட்டும் அறிந்ததைச் சொல்லுவதோடு, அதைச் சாக்காக வைத்து நம் ஊர்ச் சமாச்சாரம் ஒன்றையும் பேசிவிடலாம் என்று கருதுகின்றோம்.

அங்கே 6 மணிக்குச் சாப்பிட வரச் சொன்னால் 6 மணிதான். நம் ஊரில் 6 மணிக் கூட்டத்துக்கு 8 மணிக்கு வந்து, "இன்னும் ஆரம்பிக்கவில்லையா?" என்று கேட்கிற பெரிய மனிதர்களுக்கு அங்கே பெருமை கிடையாது. முன்கூட்டிச் சொல்லாமல் போய்க் கதவைத் தட்டுவதும் வழக்கமில்லை. வீட்டுக்குள் போகும்போது செருப்பைக் கழற்றிவிட வேண்டும்; இது நமக்குப் புதிதல்ல. கையில் கொஞ்சம் பூவோ தின்பண்டமோ கொண்டு போகலாம். சாப்பிட்டு முடிந்ததும் "சாப்பாட்டுக்கு நன்றி" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சம்பளம் எவ்வளவு, என்ன மதம் என்று முதல் சந்திப்பிலேயே கேட்கக் கூடாது. வீட்டு ஆண்பிள்ளை பாத்திரம் கழுவினால் ஆச்சரியப்பட்டு நிற்காமல் கூடப் போய்க் கழுவ வேண்டும். சைக்கிளுக்கென்று தனிப் பாதை உண்டு. அதில் நடந்தால் திட்டு வாங்க நேரும்.

இவை எல்லாம் சில்லறை. முக்கியமானது வேறு. அவர்கள் பாஷையிலும் நம்மைப் போல் 'நீ' என்றும் 'நீங்கள்' என்றும் இரண்டு சொல் உண்டு. ஏறக்குறைய 1970-களில் மரியாதைச் சொல் வழக்கொழிந்து போய், வாத்தியாரையும் முதலாளியையும் பேர் சொல்லி 'நீ' என்றே பேசுகிறார்கள். ராஜ குடும்பத்தாரிடம் மட்டும் பழைய சொல் நிற்கிறது. (அந்த மிச்சமும் எதற்கென்று நமக்குப் புரியவில்லை.) "நீ மற்றவரைவிட உயர்ந்தவன் என்று நினைக்காதே" என்பதை அவர்கள் 'யான்டெ சட்டம்' என்று சொல்லிக் கொள்ளுகிறார்கள். டென்மார்க்கில் பிறந்த அக்செல் சாண்டெமோசெ 1933-இல் ஒரு நாவலில் இதை எழுதியது சிறு ஊரின் நெருக்கடியைக் கண்டிப்பதற்காகத்தான், புகழ்வதற்காக அல்ல.

நிற்க, இந்தச் சமத்துவப் பழக்கம் அவர்களுக்கு ரத்தத்தில் வந்ததா? இல்லவே இல்லை. 1733-இல் அங்கே ஒரு சட்டம் போட்டு, குடியானவன் பிறந்த பண்ணையை விட்டு வெளியேறக் கூடாதென்று கட்டிப் போட்டார்கள். மீறினவனை மரக்குதிரையின் கூரிய முதுகில் உட்கார வைத்து வதைத்த பண்ணைக்காரர்கள் உண்டு. 1788-இல் அந்தக் கட்டு ஒழிந்தது. வாலிபர்கள் படிப்படியாக விடுதலை பெற்றார்கள். 1814-இல் ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் பெண்ணுக்கும் படிப்புக் கட்டாயமாயிற்று. 1844 முதல் குடியானவ வாலிபர்களும் உபாத்தியாயரும் சேர்ந்து வாழ்ந்து படிக்கும் பள்ளிகள் தோன்றின. நிலத்திலும் எழுத்திலும் பாத்தியதை வந்த பிறகுதான் சாப்பாட்டு மேஜையில் சமத்துவம் வந்தது.

அல்லது மதம் கொடுத்த குணமா? அதற்குத் தரங்கம்பாடியே சாட்சி. தஞ்சை நாயக்க ராஜாவோடு 1620-இல் உடன்படிக்கை செய்து கோட்டை கட்டிய டேனிஷ்காரர்கள், 1845-இல் வெள்ளைக்காரக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போகும் வரை அங்கே இருந்தார்கள். 1706-இல் சீகன்பால்கு வந்து மிஷன் தொடங்கினார். அந்தக் கோயிலில் வேளாளர் ஒரு பக்கம், பறையர் என்று ஒதுக்கப்பட்டவர் ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். 1733-இல் வேளாளரான ஆரோன் பாதிரியானார். ஆனால் பல காலம் உழைத்த ராஜநாயக்கனுக்கு அந்தப் பட்டம் கிடைக்கவில்லை; அவர் கையால் உயர் ஜாதிக் கிறிஸ்தவர் நற்கருணை வாங்க மாட்டார்கள் என்பதே காரணம். பிற்பாடு, இதே ஜாதி விஷயமாக லெயிப்ஸிக் மிஷனோடு சண்டையிட்டு விலகிய ஓக்ஸ் என்பவர் 1860-களில் டேனிஷ் மிஷனோடு சேர்ந்து, நம் தென்னார்க்காட்டு மேல்பட்டாம்பாக்கத்தில் ஜாதி கூடாதென்று நின்றார். இருவர் கையிலும் இருந்த வேதம் ஒன்றேதான்! வேதம் ஒன்றாயிருக்க, நடத்தை இரண்டாயிருந்தால், நடத்தைக்குக் காரணம் வேதம் என்று எப்படிச் சொல்லுவது?

இனி நம் கதைக்கு வருவோம். கல்வராயன் மலையில் மூன்று ஜாகீர்தார்களின் ஆட்சி 1976 வரை நடந்தது. டென்மார்க்குக் குடியானவன் கட்டு அறுந்து 188 வருஷம் கழித்து! காடு திருத்திச் சாமையும் கேழ்வரகும் விளைவித்த மலையாளி ஜனங்கள் அதுவரை தம் நிலத்துக்கே அந்நியராயிருந்தார்கள். இன்றோ அவர்கள் வீட்டுக்கு நாம் விருந்தாளிகள். ஞாயிற்றுக்கிழமையானால் மேகம் அருவிக்கும் பெரியார் அருவிக்கும் கார்களில் ஏறுகிறோம். பாட்டிலைப் பாறையில் உடைக்கிறோம். எழுபது வயதுக் கிழவரை நம் இருபது வயதுப் பிள்ளை "ஏய், வழி எப்படிடா?" என்று கேட்கிறான். புளியையும் தேனையும் அடிமாட்டு விலைக்குக் கேட்டு, கொடுக்காவிட்டால் "மலையாட்களுக்குத் திமிர்" என்கிறோம். டென்மார்க்கில் எல்லோரையும் 'நீ' என்பது சமத்துவம். நாம் மலைமேல் 'நீ' என்பதோ, கீழே இறங்கினதும் 'நீங்கள்' ஆகிவிடுகிற 'நீ'!

வெள்ளைக்காரன் வீட்டுக்குப் போவதென்றால் எந்தக் கையில் கத்தி பிடிப்பதென்று கேட்டு எழுதுகிறோம். வெள்ளிமலைக்குப் போவதற்கு யாரும் இதுவரை நமக்குக் கடிதம் எழுதிக் கேட்டதில்லை. நம்மவர் உபசாரம் உலகத்தில் கிடையாது என்று மார் தட்டுகிறவர்கள், சொல்லாமல் வந்தவனுக்கும் சோறு போடுவதை உதாரணம் காட்டுகிறார்கள். நல்ல குணந்தான், டேனிஷ்காரனிடம் அது குறைவுதான். ஆனால் இலை போடுமுன் "எந்தத் தெரு?" என்று கேட்காத வீடு எத்தனை?

தோழரின் பிள்ளை போவதற்கு இன்னும் சில வாரம் இருப்பதாகத் தெரிகிறது. அவர் சைக்கிள் பழகிக் கொள்ளட்டும். கம்பளிச் சட்டை வாங்கிக் கொள்ளட்டும். அதோடு ஒரு வாரம் மலைமேல் போய்த் தங்கி, பெரியவர்களை 'நீங்கள்' என்று பேசி, அவர்கள் கொடுக்கும் சாமைச் சோற்றைக் கூட உட்கார்ந்து தின்று, தின்ற தட்டைத் தாமே கழுவி வைத்து வரட்டும். வெள்ளிமலைக்குக் கள்ளக்குறிச்சியிலிருந்து பஸ் இருக்கிறது.