காபன் கட்டணமும் கொழும்புத் துறைமுகத்தின் எதிர்காலமும்

சர்வதேச கப்பற் போக்குவரத்திலிருந்து வெளியேறும் பச்சைவீட்டு வாயுக்களைக் கட்டுப்படுத்தும் ஒழுங்குவிதிகளை நிறைவேற்றுவதற்கென 2025 ஒக்டோபரில் லண்டனில் கூடிய சர்வதேச கடல்சார் அமைப்பின் விசேட கூட்டத்தொடர், எதனையும் முடிவுசெய்யாமலேயே கலைந்தது. விவாதத்தை ஓராண்டுக்கு ஒத்திவைக்கும் பிரேரணைக்கு ஒக்டோபர் 17 ஆம் திகதி 57 நாடுகள் ஆதரவாகவும் 49 நாடுகள் எதிராகவும் வாக்களித்தன. அதே ஆண்டு ஏப்ரலில் 63 நாடுகளின் ஆதரவுடன் அங்கீகரிக்கப்பட்டிருந்த வரைவு, ஆறு மாதங்களுக்குள் அமெரிக்காவின் கடுமையான எதிர்ப்புக்கு முன்னால் முடங்கிப்போனது. எமது நாட்டின் அரசியல் அரங்கில் இச்செய்தி பெரிதாகப் பேசப்படவில்லை. ஆயினும் தலைநகரின் துறைமுகத்தையே தனது பொருளாதாரத்தின் வாசலாகக் கொண்டிருக்கும் ஒரு தீவு நாடு, இந்த ஒத்திவைப்பைத் தூரதேசத்துச் செய்தியாகக் கருதிவிட முடியாது.

உலக வர்த்தகப் பொருட்களில் கனவளவின்படி 80 வீதத்துக்கும் அதிகமானவை கடல் வழியாகவே செல்கின்றன. மனித நடவடிக்கைகளால் வெளியேறும் பச்சைவீட்டு வாயுக்களில் கப்பற்றுறையின் பங்கு ஏறத்தாழ 3 வீதமாகும். இதனை 2050 ஆம் ஆண்டளவில் நிகர பூச்சியத்துக்குக் கொண்டுவருவதென 2023 ஜூலையில் அங்கத்துவ நாடுகள் இணங்கின. அவ்விணக்கத்துக்குச் செயல்வடிவம் கொடுப்பதே ஒத்திவைக்கப்பட்ட வரைவின் நோக்கமாகும். ஐயாயிரம் தொன்னுக்கு மேற்பட்ட மொத்தக் கொள்ளளவுடைய கப்பல்கள் நிர்ணயிக்கப்பட்ட அளவை விஞ்சி வெளியேற்றும் ஒவ்வொரு தொன் வாயுவுக்கும் 100 முதல் 380 டொலர் வரை செலுத்த வேண்டும் என்றும், அப்பணம் ஒரு நிதியத்தில் சேர்க்கப்பட்டு அபிவிருத்தியடைந்துவரும் நாடுகளின் மாற்றத்துக்கும் உதவ வேண்டும் என்றும் அதில் கூறப்பட்டிருந்தது. எனவே ஒத்திவைப்பினால் தள்ளிப்போனது கட்டணம் மாத்திரமன்று. இலங்கை போன்ற நாடுகள் உரிமையுடன் கோரக்கூடியதாக இருந்த ஒரு நிதி வழியும் அதனுடன் தள்ளிப்போனது.

ஆனால், லண்டனில் ஒத்திவைக்கப்பட்ட கட்டணம் வேறு வாசல்களால் ஏற்கனவே நுழைந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஜனவரி முதல் தனது காபன் வெளியேற்ற வர்த்தகத் திட்டத்தினுள் கப்பல்களையும் கொண்டுவந்தது. ஒன்றியத்துக்கு வெளியேயுள்ள துறைமுகத்திலிருந்து ஐரோப்பாவுக்குச் செல்லும் கப்பலின் வெளியேற்றத்தில் அரைப்பங்கு இத்திட்டத்தினுள் அடங்கும். 2024 ஆம் ஆண்டு வெளியேற்றத்தில் 40 வீதத்துக்கும், 2025 இல் 70 வீதத்துக்கும், 2026 முதல் முழுமைக்கும் கட்டணம் என்பதே அதன் படிமுறையாகும். கப்பற் கம்பனிகள் இச்செலவைத் தமது இலாபத்திலிருந்து கொடுப்பதில்லை. மேலதிகக் கட்டணமாகச் சரக்கின் மீதே சுமத்துகின்றன. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் பறிக்கப்படும் கொழுந்தும், சுதந்திர வர்த்தக வலயங்களில் எமது பெண்கள் தைக்கும் ஆடைகளும் ஐரோப்பியச் சந்தைக்குச் செல்லும்போது இச்சுமையையும் சுமந்துகொண்டே செல்கின்றன.

கொழும்பைப் பொறுத்தவரை இவ்விடயம் மேலும் நுட்பமானதாகும். கொழும்புத் துறைமுகத்தில் 2024 இல் கையாளப்பட்ட கொள்கலன்கள், இருபது அடி அலகுகளில், ஏறத்தாழ 78 இலட்சமாகும். இவற்றில் பெரும்பங்கு இலங்கைக்கு வந்தவையோ இலங்கையிலிருந்து சென்றவையோ அல்ல. ஒரு கப்பலில் வந்திறங்கி மற்றொரு கப்பலில் ஏறிச்செல்பவை. அவற்றிலும் இந்தியச் சரக்கே முதன்மையானது. இத்தகைய மீள்கப்பலேற்ற வணிகத்துக்கு மண்ணின் மீது பற்றுக் கிடையாது. நாளொன்று தாமதித்தாலோ, கட்டணம் சற்று உயர்ந்தாலோ அது அயல் துறைமுகத்துக்கு இடம்பெயர்ந்துவிடும். இந்த அபாயத்தை ஐரோப்பிய ஒன்றியமே உணர்ந்திருந்தது. காபன் கட்டணத்திலிருந்து தப்பும் நோக்கில் கப்பல்கள் அருகிலுள்ள துறைமுகங்களில் சரக்கை மாற்றிக்கொள்வதைத் தடுப்பதற்காகவே, எகிப்தின் கிழக்கு போர்ட் சயிட்டையும் மொரோக்கோவின் டான்ஜியர் மெட்டையும் அது தனியாகப் பெயர் குறித்து விதி செய்தது. மீள்கப்பலேற்றத் துறைமுகங்கள் காபன் கணக்குக்கு வெளியே நெடுங்காலம் நிற்க முடியாது என்பதற்கு இதனைவிட வேறு சான்று தேவையில்லை.

அயலில் போட்டியாளரும் வந்தாயிற்று. கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகம் 2024 டிசம்பரில் வர்த்தக ரீதியாக இயங்கத் தொடங்கி, 2025 மே 2 ஆம் திகதி இந்தியப் பிரதமரால் உத்தியோகபூர்வமாகத் திறந்துவைக்கப்பட்டது. சர்வதேச கப்பற் பாதைக்கு மிக அண்மையிலும் இயற்கையான ஆழத்துடனும் அது அமைந்துள்ளது. அதனை இயக்கும் அதானி குழுமமே, 2025 ஏப்ரலில் செயற்படத் தொடங்கிய கொழும்பு மேற்குக் கொள்கலன் முனையத்திலும் 51 வீதப் பங்கினை வைத்திருக்கிறது. ஒரே நிறுவனம் பாக்கு நீரிணையின் இருபுறமும் நிற்கையில், எந்தச் சரக்கு எக்கரையில் இறங்குவது என்பதைத் தீர்மானிக்கும் ஆற்றல் யாரிடம் இருக்கும் என்பது சிந்திக்கத்தக்கது. ஆழமும் அமைவிடமும் மாத்திரம் கொழும்பைக் காப்பாற்றும் என்ற பழைய நம்பிக்கை இனிச் செல்லாது.

அவ்வாறாயின் காப்பாற்றக்கூடியது எது? இவ்விடத்தில்தான் அண்மைக்கால ஆய்வுகள் கவனத்துக்குரியனவாகின்றன. காபன் குறைப்பு என்றதும் மெதனோல், அமோனியா, ஐதரசன் ஆகிய புதிய எரிபொருட்களைப் பற்றியே பலரும் பேசுகின்றனர். அவை விலையுயர்ந்தவை, போதிய அளவில் கிடைப்பவையுமல்ல. ஆனால் நிர்வாகச் சீர்திருத்தம் ஒன்றினால் மட்டும் இன்றே அடையக்கூடிய பயன் உண்டு. கப்பல்கள் நடுக்கடலில் விரைந்து வந்து, துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு மணிக்கணக்கில், சிலவேளை நாட்கணக்கில், காத்துக்கிடப்பது உலகெங்கும் வழமையாக உள்ளது. முந்தி வருபவருக்கு முதலிடம் என்ற நடைமுறையே இதற்குப் பிரதான காரணமாகும். கப்பலின் வேகத்தைப் பத்து வீதம் குறைத்தால் அதே தூரத்துக்குச் செலவாகும் எரிபொருளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மீதமாகும். இறங்குதுறை எப்போது வெறுமையாகும் என்பதை முன்கூட்டியே அறிவித்து, அந்நேரத்துக்கு வந்துசேருமாறு கப்பலின் வேகத்தை ஒழுங்குபடுத்தினால், ஒரு கொள்கலன் கப்பல் தனது பயணத்துக்கான எரிபொருளில் சராசரியாக 14 வீதத்தைச் சேமிக்கலாம் என்று சர்வதேச கடல்சார் அமைப்பின் திட்டமொன்றின் கீழ் 2022 இல் வெளியான ஆய்வு கணித்தது. இதற்குப் புதிய எரிபொருள் வேண்டியதில்லை. வேண்டியது தகவலும் ஒத்துழைப்பும் நம்பகமான வார்த்தையுமே.

அந்த நம்பகத்தன்மைதான் எம்மிடம் குறைவாக உள்ளது. கப்பல்களின் வருகை, புறப்பாடு தொடர்பான ஆவணங்கள் அனைத்தையும் ஒரே இலத்திரனியல் வாயிலினூடாகப் பெறும் முறைமை 2024 ஜனவரி 1 முதல் சர்வதேச ரீதியில் கட்டாயமாக்கப்பட்டது. சுங்கம், துறைமுக அதிகார சபை, முனைய நிறுவனங்கள் ஆகியவற்றை ஒரே தகவல் வலையமைப்பில் இணைப்பது பற்றி எமது நாட்டில் நீண்டகாலமாகப் பேசப்பட்டு வருகிறது. பேச்சுக்கும் செயலுக்கும் இடையிலான தூரத்தை 2025 ஜனவரி காட்டிக்கொடுத்தது. கொள்கலன் நெரிசலைக் காரணங்காட்டி 323 கொள்கலன்கள் பௌதிகப் பரிசோதனை இன்றி விடுவிக்கப்பட்டமை பெரும் சர்ச்சையாக வெடித்தது. நெரிசலைச் சமாளிக்கப் பரிசோதனையைக் கைவிட நேரும் ஒரு துறைமுகம், தாமதத்தையும் நேர்மையையும் ஒன்றுக்கொன்று விலையாக வைக்கிறது.

தாங்குதிறன் என்ற விடயத்திலும் நாம் எம்மையே ஏமாற்றிக்கொள்ளலாகாது. 2023 நவம்பரில் ஹவுதிகள் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும், பெருங்கப்பல்கள் சுயெஸ் கால்வாயைத் தவிர்த்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்றன. பயணம் பத்து நாட்களுக்கு மேல் நீண்டது. எரிபொருளும் புகையும் அதற்கேற்பப் பெருகின. கொழும்புக்கு அக்காலத்தில் கிடைத்த மேலதிகச் சரக்கை எமது திறமையின் வெற்றியாகச் சிலர் கொண்டாடினர். அது பிறருடைய போரினால் வந்த வருமானம். போர் வழிதிருப்பிய சரக்கை அமைதி மீண்டும் திருப்பிவிடும்.

விபத்துகளின் பாடமோ இதனினும் கசப்பானது. 2020 செப்டெம்பரில் 270,000 தொன் மசகு எண்ணெயுடன் நியூ டயமன்ட் கப்பல் அம்பாறை மாவட்டத்தின் சங்கமன்கண்டிக்கு அப்பாலுள்ள கடலில் தீப்பற்றியபோது, கிழக்குக் கரையின் தமிழ், முஸ்லிம் மீனவக் கிராமங்கள் பேரழிவின் விளிம்பில் நின்றன. எண்ணெய்த் தாங்கிகள் உடையாமையே எம்மைக் காத்தது. ஒன்பது மாதங்களுக்குள், 2021 மே மாதத்தில், எக்ஸ்-பிரஸ் பேர்ள் எரிந்தது. நைத்திரிக் அமிலம் கசிந்த கொள்கலனைக் கட்டாரின் ஹமாத் துறைமுகமும் இந்தியாவின் ஹசீரா துறைமுகமும் இறக்கிக்கொள்ள மறுத்த பின்னரே அக்கப்பல் கொழும்பை வந்தடைந்தது. நீர்கொழும்பு முதல் கரையோர மக்கள் இழந்தவற்றுக்கு 2025 ஜூலை 24 இல்தான் உயர் நீதிமன்றம் நூறு கோடி டொலர் நட்டஈட்டை விதித்தது. அதற்கு இரு மாதங்கள் முன்னதாக, கொச்சிக்கு அப்பால் மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா 3 இலிருந்து சிதறிய பிளாஸ்டிக் மணிகள் எமது கரையோரங்களிலும் ஒதுங்கின. கடலுக்கு எல்லைக்கோடு கிடையாது.

புதிய எரிபொருள் யுகத்தில் இவ்வபாயம் குறையப்போவதில்லை. அமோனியா காபனற்றது, ஆனால் கடும் நச்சுத்தன்மையுடையது. திரவ இயற்கை வாயு புகை குறைந்தது. ஆனால் எரியாமல் கசியும் மீதேன், இருபதாண்டுக் கணக்கில், காபனீரொட்சைட்டை விட எண்பது மடங்குக்கு மேல் வெப்பமூட்டக்கூடியது. கொழும்பையோ திருகோணமலையையோ பசுமை எரிபொருள் நிரப்பும் கேந்திரமாக்குவோம் என்று மேடைகளில் முழங்குவோர், கசிந்த ஓர் அமிலக் கொள்கலனைக் கையாள முடியாது தவித்த நாட்களை நினைவிற்கொள்ள வேண்டும். அபாயகரமான சரக்கைக் கையாளும் பயிற்சி, தீயணைப்புக் கப்பல்கள், ஆபத்திலுள்ள கப்பலுக்கு எங்கே அடைக்கலம் கொடுப்பது என்ற முன்தீர்மானம் ஆகியவை முதலில் அமைய வேண்டும். எரிபொருள் வணிகம் அதன் பின்னரே.

இவ்விவாதங்களில் எப்போதும் மறக்கப்படுபவர்கள் துறைமுகத்தின் மதிலுக்கு வெளியே வாழ்பவர்கள். இறங்குதுறையில் கட்டப்பட்ட கப்பல் உறங்குவதில்லை. மின்சாரத்துக்காகத் தனது துணை இயந்திரங்களை அது இரவு பகலாக இயக்குகிறது. அதிலிருந்து வரும் கந்தக, நைதரசன் ஒட்சைட்டுகளும் நுண்துகள்களும் சுவாச, இருதய நோய்களுக்குக் காரணமாவன என்பது மருத்துவ உலகம் ஐயமின்றி ஏற்றுக்கொண்ட உண்மையாகும். கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளி ஆகிய வடகொழும்புப் பகுதிகளின் நெருக்கமான தோட்டங்களிலும் மாடிக் குடியிருப்புகளிலும் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவருமாக உழைக்கும் மக்கள் வாழ்கின்றனர். துறைமுகத்தின் வருமானம் திறைசேரிக்கும் பங்குதாரர்களுக்கும் செல்கிறது. அதன் புகையும் கொள்கலன் லொறிகளின் தூசும் இவர்களுக்கே மிஞ்சுகின்றன.

கரையிலிருந்து கப்பலுக்கு மின்சாரம் வழங்கி அதன் இயந்திரங்களை நிறுத்திவைக்கும் முறை இதற்குத் தக்க பரிகாரமாகும். ஐரோப்பாவின் பிரதான துறைமுகங்களில் கொள்கலன் கப்பல்களும் பயணிகள் கப்பல்களும் 2030 முதல் இதனைப் பயன்படுத்தியே ஆக வேண்டும். எனினும் இங்கும் ஒரு கேள்வி எழுகிறது. அம்மின்சாரம் எங்கிருந்து வரும்? 900 மெகாவோட் நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்திலிருந்து வருமாயின், கொட்டாஞ்சேனையின் புகையைக் கற்பிட்டிக்கு இடம்மாற்றியவர்களாவோம். மன்னாரின் காற்றிலிருந்து வருமாயின், காற்றாலைத் திட்டங்களுக்கு எதிராக 2025 இல் வீதியில் இறங்கிய அத்தீவின் மக்களுடைய குரலுக்குப் பதில் சொல்ல வேண்டும். மன்னார் மக்களின் எதிர்ப்பைப் பசுமைக்கு எதிரான குரலாகச் சித்திரிப்பது நியாயமன்று. தமது நிலமும் நீரோட்டமும் கடற்றொழிலும் பாதிக்கப்படும்போது தம்மைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்பதே அவர்களது கோரிக்கை. ஒரு பகுதியினரின் மூச்சைத் தூய்மையாக்க மற்றொரு பகுதியினரின் வாழ்வாதாரத்தைக் கேட்பதாயின், அதனைக் கேட்டே பெற வேண்டும். பலாத்காரமாக எடுக்கலாகாது.

இலங்கையின் துறைமுக விவகாரம் இதுவரை ஒரே கேள்வியைச் சுற்றியே சுழன்றுவந்துள்ளது. எந்த முனையத்தை எந்த நாட்டுக்குக் கொடுப்பது என்பதே அது. ஹம்பாந்தோட்டை 2017 இல் சீன நிறுவனத்துக்கு 99 வருடக் குத்தகைக்குச் சென்றது. கிழக்கு முனையம் தொடர்பில் இந்தியா, ஜப்பான் ஆகியவற்றுடன் செய்யப்பட்ட இணக்கம் 2021 இல் கைவிடப்பட்டது. அதற்கு மாற்றாக மேற்கு முனையம் முன்வைக்கப்பட்டது. உரிமையாளர் யார் என்ற வினா அவசியமானதே. ஆயினும் முனையங்களை இயக்கும் நிறுவனங்கள் எவையாயினும், அவற்றுக்குப் பொதுவான சூழல் நியமங்களை விதித்துக் கண்காணிக்கும் பொறுப்பு அரசுக்கும் துறைமுக அதிகார சபைக்கும் உரியது. அதிகார சபை மேற்கு முனையத்தில் 15 வீதப் பங்காளியாகவும் இருக்கிறது. பங்காளியாக இலாபம் பெறும் நிறுவனமே கண்காணிப்பாளராகவும் இருப்பதன் முரண்பாடு தீர்க்கப்பட்டாக வேண்டும்.

எனவே அரசாங்கம் செய்யத்தக்கவை தெளிவானவை. துறைமுகத்தின் காபன் வெளியேற்றத்தையும் சூழவுள்ள காற்றின் தரத்தையும் அளந்து, அவ்வளவீடுகளைச் சிங்களத்திலும் தமிழிலும் பொதுமக்களுக்கு வெளியிட வேண்டும். கப்பல் வருகையை நேரத்துடன் ஒழுங்குபடுத்தும் தகவல் முறைமையை முனையங்கள் அனைத்துக்கும் கட்டாயமாக்க வேண்டும். கரை மின்சாரத்துக்கான கால அட்டவணை ஒன்றை அறிவித்து, இனி வரும் முனைய உடன்படிக்கைகளில் அதனைச் சேர்க்க வேண்டும். மின்சாரப் பாரந்தூக்கிகளும் தானியங்கி முறைமையும் வரும்போது வேலையிழக்கக்கூடிய தொழிலாளருக்கு மீள்பயிற்சி வழங்கும் பொறுப்பை முனைய நிறுவனங்களின் மீதே சுமத்த வேண்டும். சர்வதேச அரங்கில், வல்லரசுகளின் முகம்பார்த்து நிற்பதை விடுத்து, காபன் நிதியத்தில் சிறிய தீவு நாடுகளுக்கும் வளர்முக நாடுகளுக்கும் உரிய பங்கினைக் கோரும் அணியில் இலங்கை முன்னின்று குரல்கொடுக்க வேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி 600 இற்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டபோது, மலையகத்தின் தோட்டப்புற மக்கள் மண்ணோடு மண்ணாயினர். வீதிகளும் புகையிரதப் பாதைகளும் அறுந்தன. வெப்பமடையும் கடல் இத்தகைய புயல்களை வலுப்படுத்தும் என்று விஞ்ஞானிகள் நெடுங்காலமாகவே எச்சரித்து வருகின்றனர். கப்பல்களின் புகை குறித்த லண்டன் விவாதத்துக்கும் பதுளையின் மண்சரிவுக்கும் உள்ள உறவு கண்ணுக்குத் தெரியாததாயினும் உண்மையானது. உலக நாடுகள் தமது தீர்மானத்தை ஒத்திவைக்கலாம். அதன் விளைவுகளை முதலில் அனுபவிக்கும் வரிசையில் நிற்கும் எமக்கு ஒத்திவைக்க எதுவுமில்லை என்பதை ஆட்சியாளர்கள் இனியேனும் உணர்ந்து செயற்படுவார்களாக.