உப்புக்கண்டம் சரி... காட்டு வாத்து வேண்டாமே!

கார்த்திகை, மார்கழி வந்தால் போதும், திண்டிவனத்தை அடுத்த கழுவெளியில் பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி! ஆனால், சிலருக்கு அதைப் பார்த்ததும் குழம்புச் சட்டிதான் ஞாபகம் வருகிறது. "காட்டு வாத்துக் கறி உடம்புக்கு ரொம்ப நல்லதுங்க... மிச்சத்தை உப்புக்கண்டம் போட்டு வெச்சுக்கலாம்" என்பார்கள். அந்தக் கறி உங்கள் வீட்டு வாசலுக்கு வந்தால், யோசிக்காமல் திருப்பி அனுப்புங்கள்.

முதல் காரணம், சட்டம். 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வலசை வாத்துகளை வேட்டையாடுவது குற்றம். அந்தக் கறியை வாங்குவதும் குற்றம்தான். கழுவெளி 2021-ல் பறவைகள் சரணாலயமானது. 2024-ல் ராம்சர் பட்டியலிலும் இடம்பிடித்தது. இமயமலையையே தாண்டிக் கூந்தன்குளம் வரை வருகிறதே வரித்தலை வாத்து, அதைக் கொன்று நமக்கு அப்படி என்ன சத்து கிடைத்துவிடும்? ஆட்டுக்கறியிலும் நாட்டுக்கோழியிலும் இல்லாத சத்து எதுவும் அதில் இல்லை.

இரண்டாவது காரணம், உங்கள் உடம்பு. அந்தப் பறவை குண்டடி பட்டதா, விஷம் வைத்துப் பிடித்ததா... யாருக்குத் தெரியும்? பறவைக் காய்ச்சல் கிருமியைக் காட்டு வாத்துகள் நோய் அறிகுறியே இல்லாமல் சுமக்கக்கூடும். இறகு பிடுங்கி, சுத்தம் செய்யும் கைகளுக்குத்தான் முதல் ஆபத்து. வீட்டில் அந்த வேலையைச் செய்வது யார் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்!

அப்படியானால் உப்புக்கண்டமே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் கறியைக் காப்பாற்ற நம் பாட்டிமார்கள் கண்ட அருமையான வழி அது. ஆட்டுக்கறியிலோ, அறுவடை வயலில் மேய்ந்த நாட்டு வாத்திலோ தாராளமாகப் போடலாம். முறையை மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள்.

கொழுப்பு நீக்கி, மெல்லிய நீளத் துண்டுகளாக நறுக்குங்கள். பச்சைக் கறியை அப்படியே வெயிலில் தொங்கவிட வேண்டாம். உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் முதலில் நன்றாக வேகவிடுங்கள். ஆட்டுக்கறி என்றால் உள்ளே 71 டிகிரி செல்சியஸ், வாத்து, கோழி என்றால் 74 டிகிரி சூடு ஏற வேண்டும். காய்ந்த பிறகு வறுத்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்; ஈரம் வற்றிய கறியில் கிருமிகள் சூட்டைத் தாக்குப்பிடிக்கும்.

பிறகு மிளகாய்த்தூள், பூண்டு விழுது தடவி, நூலில் கோத்து, வலைத்துணி போட்டு நல்ல வெயிலில் காயவையுங்கள். பொழுது சாய்வதற்குள் உள்ளே எடுத்துவிடுங்கள். கடல்காற்றும் பனியும் பட்டால் பூஞ்சை பிடித்துவிடும். மழைநாளில் இந்த வேலையே வேண்டாம். வளைத்தால் விரிசல் விட வேண்டும், ஆனால் ஒடியக் கூடாது. அதுதான் பதம். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

இன்னொரு விஷயம்... ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உப்பிட்டுப் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய்க் காரணிகளில் ஒன்றாக அதன் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2015-ல் சேர்த்திருக்கிறது. ஆகவே சமைக்கும் முன் வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். குழம்பில் உப்பைக் குறையுங்கள். ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பரிமாறவே வேண்டாம். மற்றவர்களுக்கும் எப்போதாவது இரண்டு துண்டு... தொட்டுக்கொள்ள மட்டும்!

விருந்தாளியாக வந்த பறவை ஏரியிலேயே இருக்கட்டும். நம் வீட்டு விருந்துக்கு ஆட்டுக்கறி போதுமே!