ஐஇஎல்டிஎஸ் ஒருமுறை எழுத 18 மூட்டை நெல்: பணம் கட்டும் முன் டெல்டா மாணவர்கள் பார்க்க வேண்டியது என்ன?

வெளிநாட்டுல படிக்கணும்னு முடிவு எடுத்ததும் காதில் விழுகிற முதல் வார்த்தை ஐஇஎல்டிஎஸ். இந்தத் தேர்வை ஒருமுறை எழுத இந்தியாவில் கட்டணம் சுமார் 18 ஆயிரம் ரூபாய். தஞ்சாவூர் கணக்கில் சொன்னால்? 2025-26 பருவத்தில் அரசு கொள்முதல் நிலையத்தில் சாதா ரக நெல் குவிண்டால் 2,500 ரூபாய். 40 கிலோ மூட்டைக்கு 1,000 ரூபாய். ஆக, 18 மூட்டை. கேட்ட ஸ்கோர் வரலைன்னா இன்னொரு 18 மூட்டை. கோச்சிங் ஃபீஸ் தனி.

அதனால எப்படிப் படிக்கிறதுன்னு கேட்பதற்கு முன்னாடி, எந்த நாட்டுக்காக எழுதுறோம் என்பது முடிவாகி இருக்கணும்.

நாட்டுக்கு நாடு என்ன வித்தியாசம்?

கனடாவை எடுத்துக்குவோம். ஐஇஎல்டிஎஸ்-ல 6 வாங்கி, வங்கியில் வைப்புத்தொகையும் காட்டினால், 'எஸ்டிஎஸ்' என்ற விரைவு வழியில் சில வாரங்களில் விசா முடிவு வந்துவிடும். பல வருஷமா இதைச் சொல்லித்தான் நம்ம ஊர்களில் அட்மிஷன் பிடித்தார்கள். அந்த வழியை 2024 நவம்பர் 8-ம் தேதி கனடா மூடிவிட்டது. செலவுக்குக் காட்ட வேண்டிய தொகையும் 2025 செப்டம்பர் முதல் 22,895 கனடா டாலர். இன்னும் பழைய கதையைச் சொல்லும் ஏஜென்ட் இருந்தால், தேதியைக் கேளுங்க.

ஆஸ்திரேலியா 2024 மார்ச்சில் மாணவர் விசாவுக்கான ஐஇஎல்டிஎஸ் அளவை 5.5-லிருந்து 6 ஆக்கியது. அங்கே விசாவுக்கு பிடிஇ செல்லும், டுயோலிங்கோ செல்லாது. அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் அதே டுயோலிங்கோவை ஏற்கின்றன. பிரிட்டனில் சில பல்கலைக்கழகங்கள் பிளஸ் 2 ஆங்கில மதிப்பெண்ணையே போதும் என்கின்றன. அங்கே போகிறவருக்கு அந்த 18 மூட்டை மிச்சம்!

30 நாளில் 7 வாங்க முடியுமா?

ஏற்கனவே ஆங்கிலம் சரளமாக வருகிறவருக்கு, தேர்வு முறை பழக 30 நாள் போதும். தமிழ் மீடியத்தில் படித்து, வாக்கியம் அமைக்கவே தடுமாறுகிறவருக்குப் போதாது. மொழியில் ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குப் போக சுமார் 200 மணி நேரப் பயிற்சி தேவை என்பது கேம்பிரிட்ஜ் சொல்லும் கணக்கு. தினமும் ஒன்றரை மணி நேரம் என்றால் நாலரை மாசம். குறுவை இல்லை, இது சம்பா! ஆவணியில் தயாரிப்பைத் தொடங்கினால், அறுவடை முடிந்து பணம் வரும் தை, மாசியில் தேர்வுக்கும் தயாராக இருக்கலாம்.

எங்கே மார்க் போகிறது?

லிசனிங்கில் ஆடியோ ஒரே தடவைதான் ஓடும். விடை தெரிந்தும் ஸ்பெல்லிங் தப்பானால் அந்த மார்க் இல்லை. ரைட்டிங்கில் இரண்டாவது கேள்வியான 250 வார்த்தைக் கட்டுரைக்கு, முதல் கேள்வியைப் போல இரண்டு மடங்கு மதிப்பு. பலர் முதல் கேள்வியிலேயே நேரத்தைக் கரைத்துவிடுகிறார்கள்.

ஸ்பீக்கிங் 11 முதல் 14 நிமிஷம். ஒரு தலைப்பு கொடுத்து, யோசிக்க ஒரு நிமிஷம் தருவார்கள், அப்புறம் இரண்டு நிமிஷம் வரை பேசணும். இங்கே மனப்பாடம் எடுபடாது, தேர்வாளர் கண்டுபிடித்துவிடுவார். 'நீங்கள் போய் வந்த ஓர் இடம்' என்று வந்தால், பார்க்காத பாரிஸைவிட பத்து தடவை பார்த்த கல்லணையைப் பற்றிப் பேசுவது சுலபம். நம்ம ஊர் உச்சரிப்புக்காக மார்க் குறையாது. சொல்வது புரியணும், அவ்வளவுதான்.

உதவித்தொகை இருக்கிறதா?

டெல்டாவில் பலருக்குத் தெரியாத ஒன்று இது. மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையில், பட்டியல் சாதி மாணவர்களோடு நிலமற்ற விவசாயக் கூலிக் குடும்பத்துப் பிள்ளைகளும் முதுநிலை, பிஎச்டி படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள் இருக்கணும். ஆனால் மொத்தம் 125 இடங்களில் கூலித் தொழிலாளர், பாரம்பரியக் கைவினைஞர் இரு பிரிவுக்கும் சேர்த்தே 4 இடம்தான். நாடு முழுவதற்கும் நாலே நாலு! 2025-26ல் தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்குத்தான் கடிதம் போனது. மற்றவர்களுக்கு நிதி இருப்பைப் பொறுத்து என்றார்கள். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்கள் தாட்கோவின் இலவசப் பயிற்சி பற்றி மாவட்ட அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

இன்னொரு விஷயம். பாஸ்போர்ட் இல்லாமல் ஐஇஎல்டிஎஸ் எழுத முடியாது. தஞ்சாவூரிலேயே பாஸ்போர்ட் சேவா கேந்திரா இருக்கு. மார்க் ஷீட்டில் இனிஷியலாக இருப்பது பாஸ்போர்ட்டில் அப்பா பெயராக விரிந்து வரும். தேர்வுக்குப் பதிவு செய்யும்போது பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரைப் போடுங்க.