உலக முடிவுக்கு புக்கிங் வேணுமா?

நீண்ட வார இறுதி ஒன்று வந்தால் போதும், ஹோர்ட்டன் சமவெளி வாசலில் வான்கள் வரிசைகட்டி நிற்கிற படங்கள் எங்கள் போன்களை நிரப்பத் தொடங்கிவிடும். அடுத்த நாளே ஒரு கருத்தும் கிளம்பும்: "இதுக்கெல்லாம் ஒன்லைன் புக்கிங் வேணும். புக் பண்ணாத ஆக்களை உள்ள விடவே கூடாது." எங்கள் நண்பர்களிலேயே இப்படிச் சொல்லுறவர்கள் இருக்கிறார்கள். அதில் பாதி சரி, பாதி சரியில்லை என்பது எங்கள் எண்ணம்.

சரியான பாதி என்னவென்றால், அந்த இடம் தாங்காது. ஏறக்குறைய 3,160 ஹெக்டயர்தான் மொத்தப் பரப்பு. 1988இல் தேசிய பூங்காவாக்கினார்கள், 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் வருகிற எல்லாரும் மிதிக்கிறது ஒரே பாதையை. சின்ன உலக முடிவு, உலக முடிவு, பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சி என்று சுற்றிவருகிற அந்த ஒன்பது சொச்சம் கிலோமீற்றர். மழை நாளில் அந்தப் பாதையில் நடந்தவர்களுக்குத் தெரியும், சேற்றை விலத்தி ஆட்கள் புல்லில் கால் வைக்க வைக்கப் பாதை அகலமாகிக்கொண்டே போகும். வாசலில் பைகளைத் திறந்து பொலித்தீனைக் கழற்றி வைக்கச் சொல்லும்போது சிலர் முணுமுணுப்பார்கள். எங்களுக்கு அது நாட்டில் ஒழுங்காக நடக்கிற நல்ல வேலைகளில் ஒன்றாகப் படுகிறது.

"சிவனொளிபாதமலைக்கு இதைவிட எத்தினை மடங்கு சனம் போகுது, அங்க யார் புக் பண்ணுறது?" என்று கேட்பார்கள். அங்கே படிக்கட்டு இருக்கு, லைட் இருக்கு, வழிநெடுக தேத்தண்ணிக் கடை இருக்கு. போறதும் யாத்திரை. இரண்டையும் ஒரே தராசில் வைக்கேலாது.

ஆகவே ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று எல்லை போட்டால் நாங்கள் எதிர்க்க மாட்டோம். ஆனால் எல்லை வேற, புக்கிங் வேற. எத்தனை பேர் போகலாம் என்பதை எல்லை சொல்லுது. யார் போகலாம் என்பதைத் தீர்மானிக்கிறது புக்கிங். பேச்சு வாக்கில் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறோம்.

யார் போகலாம் என்பதை ஒன்லைனிடம் விட்டால் என்ன நடக்கும் என்று ஊகிக்கத் தேவையில்லை. எல்ல பக்கம் போகிற ரயிலைப் பாருங்கள். முன்பதிவு திறந்த கொஞ்ச நேரத்திலேயே சீட் முடிந்துவிடும். பிறகு அதே டிக்கட் பல மடங்கு விலைக்குக் கை மாறும். விசாரணை, கைது வரைக்கும் போன கதை அது. மலைக்கும் அப்படி ஒரு டிக்கட் வந்தால் யார் கையில் போய்ச் சேரும்? மாதத்துக்கு முந்தியே திட்டம் போடக்கூடிய, கார்ட் வைத்திருக்கிற, நல்ல இன்டர்நெட் உள்ள ஆட்களிடமும், அவர்களுக்கு விற்கிறவர்களிடமும்தான்.

இப்போது மட்டும் எல்லாருக்கும் சமமாகவா திறந்திருக்கு என்று கேட்டால், அதுவும் இல்லை. பிரச்சினை மூடுபனி. காலை ஒன்பது, பத்து மணி தாண்டினால் உலக முடிவில் நின்று பார்க்கிறது பெரும்பாலும் வெறும் வெள்ளைச் சுவர். (அந்தச் சுவருக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்தவர்கள் எங்கள் கூட்டத்திலேயே மூன்று பேர்.) அதனால் எல்லாருக்கும் விடியக்காலையிலேயே உள்ளே போக வேணும். அந்த நேரத்துக்கு வாசலில் நிற்க யாரால் முடியும்? நுவரெலியாவில் அறை எடுத்துத் தங்கி, நாலு மணிக்கே வான் பிடிக்கிறவர்களால். அதுவும் ஒரு புக்கிங்தான், காசால செய்யிற புக்கிங்.

காசில்லாதவர்களுக்கும் ஒரு வழி இருந்தது. ரயில் ஒழுங்காக ஓடுகிற காலங்களில் கொழும்பிலிருந்து இரவு மெயில் ஏறி, விடிய முந்தி ஒஹியவில் இறங்கி, அங்கிருந்து ஏறக்குறைய 11 கிலோமீற்றர் ஏறி நடக்கிறது. எத்தனையோ பெடியள் பெட்டையள் கம்பஸ் காலத்தில் இப்படித்தான் போனார்கள். வாசலில் டிக்கட் இல்லையென்றால் அந்தப் பயணமே இல்லை.

இன்னொரு கூட்டமும் இருக்கு, இந்தப் பேச்சில் யாருமே நினைக்காத கூட்டம். உலக முடிவு விளிம்பிலிருந்து பனி விலகிய நேரம் கீழே பாருங்கள். ஏறக்குறைய 870 மீற்றர் பள்ளம். அதற்கப்பால் தேயிலை, லயன் கூரைகள். தோட்டத்தில் வளர்ந்து கொழும்பில் கடையிலோ ஹோட்டலிலோ வேலை செய்கிற ஒருத்தருக்கு நாளைக்கு லீவா இல்லையா என்பது இன்றைக்கு இரவுதான் தெரியும். ஊருக்கு வந்த இடத்தில் "வாங்கடா போவோம்" என்று கூட்டாளிகளோடு கிளம்புகிற மலை அவர்களுக்கு அது. தன் வீட்டுக்கு மேலே நிற்கிற மலைக்கு ஒரு மாதத்துக்கு முந்தி போர்ம் நிரப்பு என்று அவர்களிடம் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

வெளிநாட்டில் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தோம். அமெரிக்காவின் யொசமிட்டி பூங்காவில் ஹாஃப் டோம் என்ற பாறை. கம்பி பிடித்து ஏறுகிற பகுதிக்கு ஒரு நாளைக்குச் சுமார் 300 பேருக்குத்தான் அனுமதி. பெரும்பகுதியை மார்ச் மாதமே குலுக்கலில் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் ஏறப்போகிற நாளுக்கு இரண்டு நாள் முந்தி இன்னொரு குலுக்கலும் நடக்குது, திடீரென்று கிளம்புகிறவர்களுக்காக. முழுக்க நியாயம் என்று சொல்ல மாட்டோம், அதற்கும் விண்ணப்பக் காசு உண்டு. ஆனாலும் திட்டம் போடாத ஆளையும் கணக்கில் எடுத்திருக்கிறார்கள் பாருங்கள், எங்களுக்குப் பிடித்தது அதுதான்.

இங்கே புக்கிங் வருமென்றால் ஒவ்வொரு நாளும் ஒரு பங்கு டிக்கட்டை வாசலுக்கென்று ஒதுக்க வேணும். காசு கொடுத்து, அடையாள அட்டையைக் காட்டி, முதலில் வந்தவர் முதலில் என்று. ஒருத்தருக்கு நாலைந்துக்கு மேல் கொடுக்கக் கூடாது, இல்லாவிட்டால் அதையும் மொத்தமாக வாங்கிவிடுவார்கள். ஒன்லைன் பக்கம் தமிழிலும் வர வேணும், அதுவும் வாசித்தால் விளங்குகிற தமிழில்.

புக் பண்ணாமல் போகிற நாங்களும் ஒன்றை ஒத்துக்கொள்ளத்தான் வேணும். டிக்கட் முடிந்துவிட்டது என்றால் திரும்ப வேண்டியதுதான். "இவ்வளவு தூரம் வந்திட்டம் அண்ணே, ஒருக்கா விடுங்க" என்று வாசலில் கெஞ்சுவதும், தெரிந்த ஆளுக்கு கோல் எடுப்பதும் எல்லையைக் கேலிக்கூத்தாக்கிற வேலை. பிந்திப் போய் டிக்கட் கிடைத்தால் பள்ளத்தாக்கைப் பார்க்கேலாது என்று தெரிந்தே போவோம். பனிக்குள் புல்வெளியில் மரைகள் மேய்கிறதைப் பார்க்கிறதும் சும்மா இல்லை.

ஆனால் திரும்பச் சொல்லுகிற இடம் பூங்கா வாசலாக இருக்கக் கூடாது. 11 கிலோமீற்றர் ஏறி வந்தவரிடம் அங்கே வைத்து "முடிஞ்சுது" என்று சொல்லுறது கொடுமை. இன்றைக்கு வாசல் பங்கில் எத்தனை டிக்கட் மிச்சம் என்று ஒஹிய ஸ்டேஷனிலும் பட்டிப்பொல ஸ்டேஷனிலும் நுவரெலியா பஸ் ஸ்டாண்டிலும் ஒரு கரும்பலகையில் எழுதி வைத்தால் போதும். அதற்கு அப் ஒன்றும் தேவையில்லை, சோக் இருந்தால் காணும்.