பென்சிலுக்கு முன் களிமண்

முன்பள்ளிப் பிள்ளை “கிளே வேணும்” என்று கேட்டால், புத்தகக் கடைக்குப் போய் வண்ணப் பெட்டி ஒன்றை வாங்கிக் கொடுத்து விடுகிறோம். பெட்டிக்குள் இருப்பது என்னவென்று பார்ப்பவர்கள் குறைவு. கிளே என்ற ஒரே பெயருக்குள் வெவ்வேறு பொருட்கள் இருக்கின்றன. எந்த வயதுக்கு எது என்று அறிந்து கொடுக்க வேண்டும். கொடுத்ததை அவசரப்பட்டுப் பறிக்கவும் கூடாது. இதுவே என் கருத்து.

முதலில் பிளாஸ்டிசின். 1897இல் இங்கிலாந்தின் பாத் நகருக்கு அருகே வாழ்ந்த சித்திர ஆசிரியர் வில்லியம் ஹார்பட் இதை உருவாக்கினார். சிற்பம் பயிலும் தம் மாணவர்களுக்குக் காய்ந்து போகாத களி ஒன்று அவருக்குத் தேவைப்பட்டது. சுண்ணக்கல் தூளும் வாஸ்லின் போன்ற பசையும் சேர்ந்த இதில் தண்ணீர் இல்லை, ஆகவே காய்வதில்லை. ஆனால் சற்று இறுக்கமானது. ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைக்குச் சரி. மூன்று வயது விரல்களுக்குக் கடினம்.

அடுத்தது பிளே-டோ. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில், சுவர்க் கடதாசியில் படியும் கரியைத் துடைப்பதற்காக விற்கப்பட்ட பசை இது. வீடுகளில் நிலக்கரி எரிப்பது குறைந்ததும் விற்பனையும் குறைந்தது. கே ஸுஃபால் என்ற பாலர் ஆசிரியை அதைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தார். 1956இல் அது விளையாட்டுப் பொருளாகக் கடைக்கு வந்தது. மிருதுவானது, சின்னக் கைகளுக்கு ஏற்றது. கோதுமை மா கலந்திருப்பதால், கோதுமை ஒவ்வாத பிள்ளைகளுக்கு மட்டும் ஆகாது.

மூன்றாவது பொலிமர் கிளே. பீவீசி என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. போறணையில் சூடாக்கினால் இறுகிவிடும். தோடும் மாலையும் செய்யும் என் வயதுத் தோழிகளுக்கு உரியது. பெட்டியின் நிறத்தைப் பார்த்து மூன்று வயதுப் பிள்ளைக்கு இதை வாங்கிக் கொடுக்கக் கூடாது.

கடைக்கே போகாமலும் செய்யலாம். இரண்டு கோப்பை கோதுமை மா, ஒரு கோப்பை உப்பு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஆகியவற்றைக் கலந்து, சிறிது சிறிதாகத் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் போதும். நிறத்துக்கு மஞ்சள் தூளோ பீட்ரூட் சாறோ சேர்க்கலாம். மூடிய டப்பாவில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் சில நாட்கள் தாங்கும். உப்பு அதிகம் என்பதால் பிள்ளை விழுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

“சாப்பிடுற மாவுல விளையாடலாமா?” என்று எங்கள் உம்மும்மா கேட்பார். நியாயமான கேள்விதான். 2022இல் மா விலை ஏறிய நாட்களை எந்த வீடும் மறந்திருக்காது. அப்படி நினைப்பவர்களுக்கு எல்லாவற்றிலும் பழைய பொருள் இருக்கிறது: களிமண். கல், வேர் பொறுக்கி ஈரத்துணியில் சுற்றி வைத்தால் பல நாள் விளையாடலாம். உடுப்பு அழுக்காகும், கழுவினால் போய்விடும்.

எது கிடைக்கிறது என்பதை விடப் பெரிய பிரச்சினை, கிடைத்ததும் பெட்டிக்குள்ளேயே இருப்பது. எங்கள் ஊர் முன்பள்ளி ஒன்றில் கிளே அலுமாரியிலும் கொப்பி மேசையிலும் இருக்கின்றன. ஆசிரியையை மட்டும் குறை சொல்ல முடியாது. “இன்று எத்தனை பக்கம் எழுதினாய்?” என்றுதானே பெற்றோர் வாசலில் கேட்கிறார்கள்? “என்ன செய்தாய்?” என்று கேட்பவர் எத்தனை பேர்? தரம் ஐந்து புலமைப்பரிசில் பயம் நான்கு வயதிலேயே வந்துவிடுகிறது.

பென்சில் பிடிக்க விரல்களுக்குப் பலம் வேண்டும். உருட்டி, கிள்ளி, நசுக்கும்போது அந்தப் பலம் வருகிறது. 1837இல் ஜேர்மனியில் சிறுவர்களுக்கான கல்விக்கூடத்தை ஆரம்பித்து, பின் அதற்குக் ‘கிண்டர்கார்டன்’ என்று பெயரிட்ட பிரெட்ரிக் புரோபல், களிமண் வேலையையும் பிள்ளைகளின் பயிற்சிகளில் ஒன்றாக வைத்தார். களிமண் படிப்புக்கு இடைவேளை அல்ல, அதுவும் படிப்புத்தான்.

பெற்றோரே, விலை உயர்ந்த பெட்டி அவசியமில்லை. பிள்ளையின் வயதுக்கு ஏற்றதைத் தெரிந்து கொடுங்கள். பிள்ளை உருட்டித் தரும் கோணல் ரொட்டியைத் திருத்தாமல், ஒருமுறை சாப்பிடுவது போல் நடித்துக் காட்டுங்கள். எழுத்து அதற்குரிய நேரத்தில் தானாக வரும்.